பாலாற்றுக் கரைக் கிணறு: ரிப்போர்ட்டில் குரோமியம் 'பிடிஎல்' என்று இருக்கிறது. நம்பிக் குடிக்கலாமா?

கரைமேடு
புதன், காலை 7:40

வணக்கம். ஆம்பூருக்குக் கிழக்கே, பாலாற்றங்கரையில் எங்கள் ஊர். வீட்டுக் கிணறு ஆற்றிலிருந்து இருநூறு மீட்டர் தூரத்தில் இருக்கிறது. காவிரிக் குழாய்த் தண்ணீர் வருகிறது, ஆனால் என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது. வராத நாளில் கிணறுதான். தண்ணீர் தெளிவாக இருக்கும், வாயில் வைத்தால் லேசாக உப்புக் கரிக்கும்.

வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் ஒரு தனியார் லேபில் கொடுத்துப் பார்த்தோம். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 1,640, குளோரைடு 520, நைட்ரேட் 38, குரோமியம் 'பிடிஎல்', ஈயம் 'பிடிஎல்'. கீழே 'குடிக்கத் தகுந்தது' என்று சீல். இதைப் பார்த்துவிட்டு மாமனார் நிம்மதியாகிவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஊரைச் சுற்றி இத்தனை தோல் தொழிற்சாலைகள், அறுபது எழுபது வருஷக் கழிவு. அதெல்லாம் எங்கே போயிருக்கும்? இந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாட்டு வைத்தியம்
புதன், காலை 8:05

தேத்தாங்கொட்டையை மண்பானையின் உள்பக்கம் உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் தெளிந்திருக்கும். அப்புறம் நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள். எங்கள் பாட்டி காலத்திலிருந்து இதுதான்.

ஆய்வுமேஜை
புதன், காலை 10:30

கரைமேடு தம்பி, நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கொதிக்க வைப்பது. கிருமி சாகும், அதற்கு அது நல்ல வழி. உலோகம் சாகிற பொருள் இல்லை. நீர் ஆவியாகப் போகும், உலோகமும் உப்பும் நைட்ரேட்டும் பாத்திரத்திலேயே தங்கும். ஒரு லிட்டரை முக்கால் லிட்டராக வற்றவிட்டால் மிச்சத்தில் அடர்த்தி கூடித்தான் இருக்கும். உங்கள் நைட்ரேட் 38. குடிநீருக்கு எல்லை 45. அதை வற்றக் காய்ச்சினால் 45-ஐத் தாண்டிவிடும், பச்சிளம் குழந்தைக்கு அது ஆகவே ஆகாது. பால் பவுடர் கரைக்க இந்தத் தண்ணீரை எடுக்காதீர்கள். இதை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

தேத்தாங்கொட்டை நல்ல பொருள். கலங்கலைப் படிய வைக்கும். சேறோடு ஒட்டியிருக்கும் உலோகமும் கொஞ்சம் கீழே போகும். கரைந்திருப்பது அப்படியே இருக்கும். உங்கள் கிணற்றில் கலங்கலே இல்லை என்கிறீர்கள், அப்படியானால் அதற்கு வேலையும் இல்லை.

இப்போது ரிப்போர்ட். 'பிடிஎல்' என்றால் கருவியால் கண்டுபிடிக்க முடிகிற அளவுக்குக் கீழே என்று பொருள். பூஜ்யம் என்று யாரும் சொல்லவில்லை. எந்த அளவுக்குக் கீழே என்பதுதான் கேள்வி. இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் வரைதான் அனுமதிக்கிறது. ஈயம் 0.01. காட்மியம் 0.003. பாதரசம் 0.001. நிக்கல் 0.02. டிடிஎஸ், குளோரைடு போன்றவற்றுக்கு 'வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் இதுவரை போகலாம்' என்று இரண்டாவது எல்லை ஒன்று உண்டு. உங்கள் 1,640 அதற்குள் வருவதால்தான் சீல் விழுந்திருக்கிறது. மேலே சொன்ன ஐந்து உலோகங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

உங்கள் லேபின் கருவி 0.1-க்குக் கீழே பார்க்கவே முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் 0.08 குரோமியம் இருந்தாலும் 'பிடிஎல்' என்றுதான் வரும். எல்லையைத் தாண்டிய தண்ணீருக்கு நல்ல தண்ணீர் என்று சான்றிதழ். ஆகவே லேபுக்குப் போன் போட்டு, எந்தக் கருவியில் பார்த்தீர்கள், எந்த அளவு வரை பார்க்க முடியும் என்று கேளுங்கள். உலோகத்துக்கு உலோகம் அந்த எல்லை மாறும், ஒவ்வொன்றுக்கும் எழுதி வாங்குங்கள். ஈயம் 0.01 என்றால் கருவி அதைவிடப் பல மடங்கு கீழே பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். மிக நுண்ணிய அளவையும் பார்க்கக் கூடிய ஐசிபி-எம்எஸ் என்ற கருவி இருக்கும் இடம் என்றால் கவலையில்லை.

இன்னொன்று. உங்கள் பகுதியில் குரோமியம் என்று ஒரே எண்ணாகக் கேட்பது போதாது. அது இரண்டு வடிவத்தில் வரும். மூன்று இணைதிறன் குரோமியம், ஆறு இணைதிறன் குரோமியம். தோல் பதனிடப் போடுவது மூன்று. அது களிமண்ணிலும் சேற்றிலும் ஒட்டிக்கொள்ளும், எளிதில் நகராது, உடம்பும் அதை அதிகம் உறிஞ்சாது. ஆறு இணைதிறன் வேறு ரகம். தண்ணீரில் நன்றாகக் கரையும், மண்ணில் நிற்காமல் நிலத்தடி நீரோடு சேர்ந்து ஓடும், செல்லுக்குள் சுலபமாக நுழையும். மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய் என்பது சந்தேகமில்லாமல் நிறுவப்பட்டது. குடிநீரில் அதிக அளவில் கலந்து எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் கொடுத்துப் பார்த்த அமெரிக்க அரசு ஆய்வு 2008-இல் வெளிவந்தது. எலிகளுக்கு வாயிலும் சுண்டெலிகளுக்குச் சிறுகுடலிலும் கட்டிகள் வந்தன. நம் வயிற்று அமிலம் ஆறை மூன்றாக மாற்றிவிடும் என்பது உண்மை. முழுசாக மாற்றிவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. கலிபோர்னியா 2024-இல் ஆறு இணைதிறனுக்கென்று தனியாக 0.01 என்று எல்லை வைத்துவிட்டது. நம்மிடம் இன்னும் மொத்தத்துக்கு மட்டும்தான் 0.05.

தென்னந்தோப்பு
புதன், மதியம் 1:15

அம்மா சொல்வதெல்லாம் சரி. ஆனால் எங்கள் பக்கத்து விவசாயியைக் கேட்டால் முதலில் உப்பைத்தான் சொல்வான். என் தோப்பில் மட்டை மஞ்சளித்து, குரும்பை உதிர்ந்து, காய் சிறுத்துப் போனது குரோமியத்தால் இல்லை, உப்பால். பச்சைத்தோல் கெடாமல் இருக்க மூட்டை மூட்டையாக உப்பைத் தடவித்தான் கொண்டுவருகிறார்கள். முதல் கழுவலில் அது அத்தனையும் தண்ணீரில் இறங்கும். அது எங்கே போகும்? எங்கள் நிலத்துக்குத்தான்.

வேலூர் மாவட்டத் தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு ஆகாமல் போனது என்று உச்ச நீதிமன்றம் 1996 தீர்ப்பிலேயே எழுதியது. அதன்பிறகு இழப்பீடு நிர்ணயிக்க ஓர் ஆணையம் வைத்தார்கள். 2001-இல் அது 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் என்று உத்தரவு போட்டது. வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். இரண்டு தலைமுறை சோறு போட்ட நிலத்துக்கு அவ்வளவுதான் விலை.

ஆய்வுமேஜை
புதன், மதியம் 2:00

தென்னந்தோப்பு ஐயா, நீங்கள் சொல்வது முக்கியம். பயிரைக் கொல்வது பெரும்பாலும் சோடியமும் குளோரைடும்தான். குரோமியம் பெரும்பகுதி வேரிலேயே நின்றுவிடும், காய்க்கு அதிகம் ஏறாது. கரைமேடு தம்பியின் கிணற்றில் குளோரைடு 520 இருப்பதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். நம் பக்கத்துப் பாறைக் கிணறுகளில் கழிவு இல்லாமலும் உப்பு கொஞ்சம் இருக்கும், ஆகவே அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் தோல் தொழிற்சாலை இருக்கும் ஊரில் அது ஒரு தடயம். உப்பு தண்ணீரோடு முந்தி ஓடி வரும், உலோகம் பின்தங்கும். உப்பு வந்து சேர்ந்த வழியில் ஆறு இணைதிறன் குரோமியமும் வர முடியும்.

வெட்புளூ
புதன், இரவு 9:20

நான் மூன்றாம் தலைமுறையாகத் தோல் தொழிலில் இருக்கிறேன். அப்பா மேஸ்திரி. என்னையும் பேசவிடுங்கள்.

முன்பு எங்கள் ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் பதனிட்டார்கள். வாரக்கணக்கில் தொட்டியில் ஊறும். 1970-களில் வெறும் பதனிட்ட தோலாக ஏற்றுமதி செய்யாதே, முடித்த தோலாகவும் செருப்பாகவும் செய் என்று அரசே கொள்கை மாற்றியது. அதோடு குரோம் பரவியது. ஒரே நாளில் தோல் நீலமாகிவிடும், அதைத்தான் வெட் புளூ என்கிறோம். டிரம்மில் போடும் குரோமியத்தில் 60-70 சதவீதம்தான் தோலில் ஏறும். மிச்சம் பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் கழிவாக வெளியே வரும். அதை மட்டும் தனி வாய்க்காலில் பிடித்து, மெக்னீசியம் ஆக்சைடு போட்டுப் படியவைத்து, படிந்ததைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் திரும்ப அதே குரோம் உப்பு. மறுபடி டிரம்முக்கே போகும். சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை இது. ஒழுங்காகச் செய்கிறவர்களுக்குக் காசும் மிச்சம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் இப்போது ஆர்ஓ, ஆவியாக்கி எல்லாம் வைத்து, ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்பதுதான் விதி.

கஷ்டம் எங்கே என்றால், மழை கொட்டுகிற ராத்திரியில் மதகைத் திறந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். மறுநாள் காலை ஆற்றில் வெள்ளை நுரை ஆளுயரம் நிற்கும். யார் விட்டது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், எழுதிக் கையெழுத்துப் போட யாரும் வரமாட்டார்கள். அந்தத் தொழிற்சாலையில்தான் அவர்கள் வீட்டுப் பெண்ணும் ஷூ தைக்கிறாள். தொழிலே வேண்டாம் என்பவர்கள் அந்தப் பெண்ணின் சம்பளத்துக்கு வழி சொல்லிவிட்டுப் பேசுங்கள். கழிவை விடாதே என்று கேளுங்கள், நானும் உங்களோடு நிற்கிறேன்.

சிப்காட் வாசி
வியாழன், காலை 6:50

வெட்புளூ பாய், தோல் ஷாப்பில் நீங்கள் போடுவது மூன்று இணைதிறன் குரோமியம் என்று ஆய்வுமேஜை மேடம் சொன்னார்கள். அந்த மூன்றைத் தயாரிக்க முதலில் ஆறைத் தயாரிக்க வேண்டும். அந்த வேலை நடந்தது எங்கள் ராணிப்பேட்டையில்.

தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற தொழிற்சாலை. 1970-களின் நடுவில் தொடங்கி 1995-இல் மூடினார்கள். குரோமைட் தாதுவைச் சோடா உப்போடு சேர்த்து வறுத்து சோடியம் டைக்குரோமேட் எடுத்தார்கள். எடுத்தது போக மிஞ்சிய சக்கை, சுமார் இரண்டேகால் லட்சம் டன், வளாகத்திலேயே குவித்தது குவித்தபடி கிடந்தது. அடியில் ஒரு தார்ப்பாய்கூட இல்லாமல். மழை பெய்தால் குவியலின் ஓரத்தில் எலுமிச்சை மஞ்சளாகத் தண்ணீர் கசிந்து வரும். அந்த மஞ்சள்தான் ஆறு இணைதிறன் குரோமியம். காய்ந்ததும் மண்மேல் மஞ்சள் பூத்து நிற்கும். அதில் வெறுங்காலோடு ஆடு மேய்த்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். குரோமேட் வேலை பார்த்தவர்களுக்குக் கையில் ஆறாத புண்ணும், மூக்குத் தண்டில் ஓட்டையும் வருவது அந்தத் தொழிலில் உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

2006-இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. செர்னோபில் இருந்த பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. தொழிற்சாலை மூடி முப்பது வருஷம் ஆகிறது. 'பழைய கழிவு' என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது. மழை பெய்கிற ஒவ்வொரு வருஷமும் அது புதுக் கழிவுதான்.

மணல்மேடு
வியாழன், காலை 8:10

ஒரேயடியாகப் பயமுறுத்துகிறீர்கள். எங்கள் தாத்தா எண்பது வயசு வரை ஆற்று ஊற்றைத் தோண்டித்தான் குடித்தார். ஒரு நோய் கிடையாது.

தென்னந்தோப்பு
வியாழன், காலை 9:00

@மணல்மேடு, உங்கள் தாத்தா குடித்த ஆறு இப்போது இல்லையே தம்பி. அன்றைக்குப் பாலாற்றில் மணல் ஆளுயரத்துக்கு மேல் இருந்தது. வெள்ளம் வடிந்தபின் அத்தனை தண்ணீரும் அந்த மணலுக்குள் இறங்கி, ஊற்றுக்கால் வழியாக வாய்க்காலில் ஓடும். கோடையிலும் இரண்டு முழம் பறித்தால் ஊறும். அந்த மணலை லாரி லாரியாக அள்ளிவிட்டோம். பல இடத்தில் இப்போது களி தெரிகிறது, சீமைக்கருவேலம் நிற்கிறது. வடிகட்டி போய்விட்டது, பள்ளத்தில் தேங்குகிற கழிவு நேராக உள்ளே இறங்குகிறது. தாத்தா குடித்தது ஆவாரம்பட்டைக் காலத்துத் தண்ணீர் வேறு.

ஆய்வுமேஜை
வியாழன், காலை 11:45

மணல்மேடு தம்பி பயத்தைப் பற்றிச் சொன்னதால் இதையும் எழுதிவிடுகிறேன். பாலாறு முழுக்க விஷம் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் அது தவறு. நந்தி மலைப் பக்கம் தொடங்கி வயலூர் முகத்துவாரம் வரை 348 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. ஒரு கிணற்றில் எல்லை தாண்டியிருக்கும், நூறு மீட்டர் தள்ளி இன்னொரு கிணற்றில் ஒன்றுமே இருக்காது. அதனால்தான் 'ஆற்றுத் தண்ணீர் நல்லதா' என்று பொதுவாகக் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. எந்தக் கிணறு, எந்த மாதம், எந்த உலோகம் என்று கேட்டால் சொல்லலாம்.

மாதம் ஏன் முக்கியம்? ஐப்பசி, கார்த்திகையில் ஆறு ஓடும்போது கரைக் கிணற்றுக்கு ஆற்றுநீர் உள்ளே வரும், உப்பும் உலோகமும் நீர்த்துப்போகும். சித்திரை, வைகாசியில் ஆற்றில் ஒன்றும் இருக்காது, மோட்டார் போட்டு இழுக்க இழுக்கத் தொழிற்சாலைப் பக்கத்து நிலத்தடி நீர்கூட உங்கள் கிணற்றுக்கு வரலாம். பெருவெள்ளம் வந்தால் வேறு கதை. 2021 நவம்பரில் வந்தது போன்ற வெள்ளம் பல வருஷமாகப் படிந்த சேற்றைக் கிளறி வேறிடத்தில் கொண்டுபோய்ப் போடும். நகராமல் கிடந்த மூன்று இணைதிறன் குரோமியமும் சேற்றோடு சேர்ந்து இடம் மாறும். மண்ணில் மாங்கனீஸ் ஆக்சைடு இருந்தால் அதில் ஒரு பகுதி மெல்ல ஆறு இணைதிறனாகவும் மாறும். தோல் துண்டையும் தோல் கழிவையும் எரித்தால் இது வேகமாக நடக்கும். செங்கல் சூளையிலும் வெந்நீர் அடுப்பிலும் தோல் துண்டு எரிப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். புகையும் கெடுதி, சாம்பலும் கெடுதி.

புதுக்குடித்தனம்
வியாழன், மாலை 5:30

ஆர்ஓ விற்க வந்தவர் டிடிஎஸ் மீட்டரை முக்கிக் காட்டி, 60-க்கு வந்துவிட்டது, இனி கவலையில்லை என்றார். அப்படியானால் பிரச்சனை தீர்ந்ததுதானே?

ஆய்வுமேஜை
வியாழன், மாலை 6:40

பாதி தீர்ந்தது. அந்தப் பேனா மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து உப்பைக் கணக்கிடுகிறது. ஆயிரக்கணக்கில் ஓடுகிற உப்புக்கு நடுவே 0.05 உலோகம் இருந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. டிடிஎஸ் 200 உள்ள தண்ணீரிலும் ஈயம் எல்லை தாண்டியிருக்கலாம், 1,600 உள்ள தண்ணீரில் உலோகமே இல்லாமலும் இருக்கலாம்.

ஆனால் ஆர்ஓ சவ்வு நல்ல நிலையில் இருந்தால் குரோமியத்தின் இரண்டு வடிவங்களையும், ஈயம், காட்மியத்தையும் பெரும்பகுதி தடுத்துவிடும். சவ்வு ஒழுங்காக இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அந்த மீட்டர் உதவும். முதலில் 60 காட்டியது மெதுவாக ஏறுகிறது என்றால் சவ்வு போய்க்கொண்டிருக்கிறது. வெறும் யூவி விளக்கு, மெழுகுவர்த்தி வடிகட்டி, சாதாரணக் கரி வடிகட்டி ஆகியவற்றை உலோகத்துக்கு நம்பாதீர்கள்.

ஒன்றை யாரும் சொல்வதில்லை. ஆர்ஓவிலிருந்து பக்கவாட்டுக் குழாயில் ஒழுகுகிற தண்ணீரில் உலோகம் செறிவாக இருக்கும். நம் வீடுகளில் அதை வீணாக்க மனமில்லாமல் கீரைப் பாத்திக்கு ஊற்றுகிறோம், மாட்டுக்கு வைக்கிறோம். உங்கள் கிணற்றில் உலோகம் இருப்பது தெரிந்தால் அந்தத் தண்ணீரைக் கழிவறைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

நொய்யல்காரன்
வியாழன், இரவு 10:10

நாங்கள் திருப்பூர்ப் பக்கம். ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு நின்றதை இந்த நாடே பார்த்தது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபிறகுதான் பூஜ்யக் கழிவு என்ற விதி உயிர் பெற்றது. எங்களுக்கும் உப்புதான் பெரிய அடி. ஆனால் மேலே கோயம்புத்தூர்ப் பக்கம் முலாம் பூசும் பட்டறைகள் உண்டு. நிக்கல், குரோமியம், காட்மியம் எல்லாம் அந்தத் தொழிலில் புழங்குகிறவை.

நான் சொல்ல வந்தது வேறு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 'மாசுபட்ட ஆற்றுப் பகுதி' என்று பட்டியல் போடுகிறதே, அது பிஓடி அளவை வைத்துப் போடுவது. அதாவது அழுகக்கூடிய கழிவு எவ்வளவு என்பது. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போனால் பட்டியலில் சேரும். உலோகம் அந்தக் கணக்கில் வராது. சாக்கடை குறைந்து பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்ட ஆற்றின் சேற்றில் காட்மியம் அப்படியே கிடக்கலாம். ஆறு சுத்தமாகிவிட்டது என்று செய்தி வந்தால் எதை அளந்தார்கள் என்று கேளுங்கள்.

ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் நடந்ததும் எனக்கு இதனால்தான் மறக்காது. கமியோகா சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் ஆற்றுநீர் வழியாக வயலுக்குப் போய், நெல்லில் ஏறி, சாப்பிட்ட பெண்களின் சிறுநீரகமும் எலும்பும் கெட்டன. தும்மினாலே எலும்பு முறிந்தது. 1968-இல்தான் அந்த அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. குரோமியம் பயிரின் வேரில் நின்றுவிடும் என்று அம்மா சொன்னது சரி. காட்மியம் அப்படி நிற்காது, நெல்லுக்கு ஏறும். ஒரு உலோகத்துக்குச் சொன்னதை இன்னொன்றுக்குப் பொருத்தக் கூடாது.

ஆற்றுப்பிள்ளை
வெள்ளி, காலை 7:00

குளிக்கலாமா? மீன் சாப்பிடலாமா?

ஆய்வுமேஜை
வெள்ளி, காலை 7:45

கழிவு கலக்காத இடத்தில், நிறமும் நுரையும் இல்லாதபோது, குளிப்பதால் உலோகம் பெரிதாக உள்ளே போகாது. பிள்ளைகள் விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் காலில் புண் இருந்தால் வேண்டாம். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன ஏறிக்கொண்டே போவது பாதரசம்தான், குரோமியம் அப்படி ஏறாது. ஆனால் தொழிற்சாலை வாய்க்கால் விழும் மடுவில் பிடித்த மீன் வேண்டாம், அதில் உலோகம் மட்டும்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

சட்டக்குறிப்பு
வெள்ளி, மதியம் 12:20

தென்னந்தோப்பு ஐயா சொன்ன தீர்ப்பைப் பற்றி. வேலூர் மக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கு. 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், ஆபத்து முழுமையாக நிரூபணம் ஆகும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது இந்த வழக்கில்தான். இன்றைக்கு நாட்டின் எந்த மூலையில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் பாலாற்றுக்காரர்கள் போட்ட வழக்கை மேற்கோள் காட்டுகிறார்கள். பாலாறு மட்டும் அப்படியே இருக்கிறது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

2015 ஜனவரி 31 விடியற்காலையில் ராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி பேசியது. இழப்பீடு வராதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் அரசு கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து ஆற்றைச் சீர்செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். ஊர்க்காரர்கள் கையில் தேதியும் கிணறும் குறித்த பரிசோதனை அறிக்கை இருந்தால் அந்தக் குழுவுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அதைக் கொண்டுபோகலாம். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், உங்கள் ஊராட்சிக் கிணறுகளின் உலோகப் பரிசோதனை முடிவுகளைக் குடிநீர் வடிகால் வாரியத்திடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் தனித்தனியாகக் கேளுங்கள். 'தண்ணீரின் தரம்' என்று மட்டும் கேட்டால் உப்பும் கிருமியும் வரும். உலோகத்தின் பெயரைப் போட்டு, கண்டறியும் எல்லையையும் சேர்த்துக் கேளுங்கள்.

கரைமேடு
வெள்ளி, இரவு 8:30

எல்லோருக்கும் நன்றி. லேபுக்குப் போன் செய்தேன். குரோமியத்துக்கு அவர்கள் கருவியின் எல்லை 0.1 என்றார்கள். ஈயத்துக்கும் அதேதான். ஆய்வுமேஜை அம்மா எழுதியதைப் படித்துக் காட்டினேன், மாமனார் ஒன்றும் பேசவில்லை. இன்று சாயங்காலம் அவரே போய்க் குழந்தைக்குக் கேன் தண்ணீர் வாங்கி வந்தார்.

எங்கள் தெருவில் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு மறுபடி பார்க்கலாம் என்கிறார்கள். எல்லாக் கிணற்றையும் பார்க்கப் பணம் பத்தாது. எதைத் தேர்ந்தெடுப்பது? மாதிரி எப்படி எடுப்பது?

வெட்புளூ
வெள்ளி, இரவு 9:05

அண்ணே, தொழிற்சாலை வாய்க்கால் ஆற்றில் சேரும் இடம் எனக்குத் தெரியும். அதற்கு மேலே ஒரு கிணறு, கீழே இரண்டு கிணறு என்று எடுங்கள். மேலே உள்ளது சுத்தமாக இருந்து கீழே உள்ளது கெட்டிருந்தால்தான் எங்கிருந்து வந்தது என்று பேச முடியும். இடத்தை நான் வந்து காட்டுகிறேன். என் பங்குப் பணமும் தருகிறேன்.

ஆய்வுமேஜை
சனி, காலை 9:30

வெட்புளூ தம்பி சொன்னதுதான் சரியான முறை. மேலே ஒன்று இல்லாமல் கீழே எடுப்பதில் பயனில்லை.

லேபில் கேட்க வேண்டியவை: மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறன் குரோமியம், ஈயம், காட்மியம், நிக்கல், ஆர்சனிக். என்ஏபிஎல் (பரிசோதனைக் கூடங்களுக்கான தேசிய அமைப்பு) அங்கீகாரம் அந்த உலோகங்களுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். சில இடங்களில் உப்புக்கு மட்டும் இருக்கும்.

மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள், குழாயில் நின்ற தண்ணீர் போகட்டும். துருப்பிடித்த குழாயிலிருந்து பிடிக்காதீர்கள், இரும்போடு மற்றதும் சேர்ந்து வரும். ஒரு கிணற்றுக்கு இரண்டு புட்டி வேண்டும், இரண்டும் பிளாஸ்டிக். ஒன்றில் லேப்காரர்களே கொஞ்சம் நைட்ரிக் அமிலம் விட்டுத் தருவார்கள். அதைக் கழுவக் கூடாது, நிரம்பி வழியவும் விடக் கூடாது, கையில் படாமல் பாருங்கள். அமிலம் விடாவிட்டால் உலோகம் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு எண் குறைவாக வரும். மற்ற உலோகங்கள் எல்லாம் இந்தப் புட்டியில். ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு இரண்டாவது புட்டி. அதில் அமிலம் கூடாது, அமிலம் பட்டால் ஆறு மூன்றாக மாறிவிடும், இருந்ததும் இல்லை என்று வரும். அந்தப் புட்டியை மட்டும் மாதிரித் தண்ணீராலேயே மூன்று முறை அலசிவிட்டு, கழுத்துவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். லேபில் ஒரு மருந்து விடுவார்கள், ஆறு இருந்தால் தண்ணீர் ஊதாவாகும். அனுமதித்தால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

புட்டி மேலே கிணற்றின் பெயர், தேதி, நேரம், எடுத்தவர் பெயர். கிணறும் புட்டியும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி போனில் படம். சட்டக்குறிப்பு சொன்ன இடங்களுக்குப் போகும்போது இது தேவைப்படும். இப்போது ஒரு தடவை எடுங்கள், வைகாசியில் அதே கிணறுகளில் இன்னொரு தடவை.

இரண்டாவது புட்டி 24 மணி நேரத்துக்குள் மேஜைக்கு வந்தாக வேண்டும். ஆகையால் சனிக்கிழமை எடுக்காதீர்கள், மறுநாள் லேப் மூடியிருக்கும். திங்கட்கிழமை விடியற்காலை எடுத்து, முதல் பஸ்ஸில் கொடுத்து அனுப்புங்கள்.